அளவெடுத்துத் தைக்காத பாவாடை

சட்டைக்கு முகம் பட்டன்தான் என்பது பிரிஸ்கில்லா அக்காவின் கொள்கை. "பட்டனை மட்டும் மாத்திப் பாரு. போட்டுக் கிழிச்ச பயலே நேர்ல வந்தாலும் தன் சட்டைன்னு கண்டுபிடிக்க மாட்டான்" என்பார். இதைச் சொல்லும்போது அவர் பல்லிடுக்கில் ஓர் ஊசி இருக்கும். ஊசியைக் கடித்துக்கொண்டு இவ்வளவு தெளிவாகப் பேச அவர் ஒருவரால்தான் முடியும் என்று அவருடைய கணவர் சாம்சன் அண்ணன் சொல்லுவார். ஊசி இல்லாவிட்டால் இன்னும் எம்புட்டுப் பேசுவா, யோசிச்சுப் பாருங்க என்றும் சேர்த்துக்கொள்ளுவார்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அண்ணனின் தையல் கடை. வெட்டுவதும் தைப்பதும் அவர். காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் அக்கா. பட்டன் நுழைகிற துளையின் ஓரத்தை நூலால் இறுக்கிக் கட்டுவதுதான் காஜா. முப்பது வருடம் அக்கா அதைச் செய்தார். பெயர்ப்பலகையில் 'சாம்சன்' என்று மட்டும்தான் இருக்கும். கேட்டால், "போர்டு காத்துல கீழ விழுந்தா அவரு பேருதான விழும், எனக்கென்ன?" என்று சிரிப்பார்.

அக்கா இறந்து நாற்பது நாள் ஆகிறது. அழுதுகொண்டே எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. ஈரம் பட்டால் ஊசி துருப்பிடிக்கும் என்பார். அதனால் அவர் செய்த வேலையையும், அந்த வேலையில் அவர் செய்த ஒரே பெரிய தப்பையும் மட்டும் எழுதுகிறேன்.

கொரோனாவால் ஒன்றரை வருடம் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடங்கள் திறந்த வாரம் அது. கடை வாசலில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா, தெருவில் போகிற பிள்ளைகளைப் பார்த்தார். எல்லாருக்கும் கால்சட்டை தொடைக்கு ஏறியிருந்தது. பாவாடைகள் முழங்காலுக்கு மேலே நின்றன. பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தே வளர்ந்துவிட்டார்கள். பெட்டியில் கிடந்த சீருடை வளரவில்லை.

"ஏலே, இங்க வா. அசையாம நில்லு" என்று ஒருவனைக் கூப்பிட்டு, அவன் நின்ற நிலையிலேயே கால்சட்டையின் மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டார். மறுநாள் பதினொரு பேர் வந்து நின்றார்கள். அதற்கடுத்த நாள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. நாலாம் நாள் வந்த பிள்ளைகளின் துணியில் இறக்கிவிட மடிப்பே இல்லை. "மடிப்பு இருக்கிற வரைக்கும் நான் ராணி மாதிரி இருந்தேன். மடிப்பு தீந்துபோச்சே, இப்ப என்ன பண்ண?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அவர்களுக்கு ரெண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. பிள்ளைகளுக்குச் சேராமல் போன நல்ல துணிகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கலாமே என்று நான்தான் சொன்னேன். ஒரே வாரத்தில் கடையில் எட்டுக் கட்டைப்பை சேர்ந்தது.

முதல் சட்டையே பிரச்சினையில் முடிந்தது. அக்கா அதை அடுத்த தெருப் பையனுக்குக் கொடுத்தார். அவன் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். இடைவேளையில் ஒருவன், "ஏலே, அது என் சட்டைலே! பைக்குள்ள மை கொட்டுன கறை இருக்கும், பாருங்கலே!" என்று வகுப்புக்கே காட்டினான். கறை இருந்தது. பையன் பனியனோடு வீட்டுக்கு வந்து, சட்டையைச் சுருட்டிக் கடைக்குள் எறிந்துவிட்டுப் போனான். அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் சட்டம் போட்டார். ராஜபாளையத்துத் துணி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும். ஸ்ரீவில்லிபுத்தூர்த் துணி ராஜபாளையத்துக்கு வரும். எந்தத் துணியும் பிறந்த ஊரில் தங்காது.

"நடுவுல பஸ்ல அரை மணி நேரம் இருக்கு. எந்தப் பிள்ளை அம்புட்டுத் தூரம் வந்து தன் பழைய சட்டையத் தேடப் போகுது?" என்றார்.

அதற்கு மேல் பாதுகாப்பாகப் பட்டன்களையும் ஊர் மாற்றினார். இந்த ஊர்ச் சட்டையில் அறுத்த பட்டன் அந்த ஊர்ச் சட்டையில் ஏறும். காலரைத் திருப்பிப் போடுவார். பை இல்லாத சட்டைக்குப் பை வைப்பார், பை இருப்பதில் பிரித்துவிடுவார். "நம்ம வீட்டுல மட்டும்தான் துணி பழசாகி வந்து புதுசாகிப் போகுது" என்பார் அண்ணன்.

இவ்வளவு செய்தும் அவருக்குத் திருப்தி இல்லை. பையைத் திறந்து, "இந்தா, எடுத்துக்கோ" என்று நீட்டும்போது பிள்ளைகள் கை நீட்டுகிற விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. "வாங்குத கை தாழ்ந்து போகுது, கவனிச்சியா?" என்றார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கேட்டு வைத்திருந்த வீடுகளுக்குப் போனோம். துணி எதுவும் கொண்டுபோகவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி அளவெடுத்தார்.

"கைய விரி. பறக்குற மாதிரி விரிக்காத, பஸ்ல நிக்குற மாதிரி விரி. மூச்ச இழுக்காதடா, வயித்த விடு. ம்... உனக்கு என்ன கலர் வேணும்?"

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு ராஜபாளையம் வந்து, சேர்ந்திருக்கும் துணிகளில் அந்த நிறத்தைத் தேடி, அந்த அளவுக்குப் பிடித்து, தேய்த்து, ரெண்டு வாரம் கழித்துக் கொண்டுபோய், "தச்சாச்சு. போட்டுப் பாரு. எங்கயாவது பிடிக்குதா?" என்று கேட்பார். அளவெடுத்துத் தைத்த துணியை வாங்குகிற பிள்ளையின் கை தாழ்வதில்லை. அவன் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "தோள் கொஞ்சம் லூசா இருக்கு" என்று குறைகூடச் சொல்லுவான். குறை கேட்டால் அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். போலீஸ் சட்டை வேண்டும் என்று அடம்பிடித்த ஒருவனுக்காக, ஒரு காக்கிச் சட்டையின் தோளில் பட்டை வைத்துத் தந்தார். அவன் அதை ஒரு மாதம் கழற்றவில்லை என்று அவன் அம்மா சண்டைக்கு வந்தாள்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று பாண்டிசெல்வியினுடையது. அவள் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தாள். கணவர் மாரிசெல்வம் லாரியில் சுமை ஏற்றும்போது தவறி விழுந்து, இடுப்பில் அடிபட்டு, ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார். ஒரே மகள் ரெங்கநாயகி, எட்டு வயது. எல்லாரும் ரெங்கா என்று கூப்பிட்டார்கள்.

அளவெடுக்கும் முன்பே பாண்டிசெல்வி எங்களை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, நீங்க செய்றது எனக்குப் புரியுது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். இது யாரு போட்டதுன்னு என் மகளுக்குத் தெரியக் கூடாது. போட்ட பிள்ளைக்கும் இது யாருகிட்டப் போச்சுன்னு தெரியக் கூடாது. அவிய நல்லா இருந்தப்ப நாங்களும் நாலு பேருக்குக் குடுத்தவங்கதான்."

"தெரியாது தாயி. நான் வாக்குக் குடுக்கேன்" என்றார் அக்கா.

வாக்கு என்ற சொல்லை அக்கா சாதாரணமாக உபயோகிக்க மாட்டார். கடைக்கு வருகிறவர்கள், "செவ்வாய்க்கிழமை கண்டிப்பாக் கெடைக்குமா?" என்று கேட்டால்கூட, "பார்ப்போம்" என்றுதான் சொல்லுவார்.

ரெங்காவிடம் நிறம் கேட்டபோது கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்.

"பச்சை. கிளிப் பச்சை. பட்டுப் பாவாடை."

பாண்டிசெல்வி, "ஏட்டி!" என்று அதட்டினாள். அக்கா நோட்டில் 'கிளிப் பச்சை, பட்டு' என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. ராஜபாளையத்தில் அக்கா தட்டாத கதவு இல்லை. சிவப்புக் கிடைத்தது, ஊதா கிடைத்தது, மாம்பழ மஞ்சள் நாலு கிடைத்தது. பச்சை மட்டும் வரவில்லை. கடைசியில் கிருஷ்ணவேணி என்பவர் ஒரு பையோடு கடைக்கு வந்தார். சுப்புராஜ் என்ற பெரியவரின் மருமகள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவருடைய மகள் தேஜா ஒரே வருடத்தில் வளர்ந்து பாவாடைக்கு வெளியே போய்விட்டாள். ஊரடங்கு நாட்களில் கிருஷ்ணவேணி மகளுக்காகத் தானே பூத்தையல் போட்ட பாவாடை அது. அசல் கிளிப் பச்சை. கீழ்க்கரையைச் சுற்றி மஞ்சள் அலகோடு பத்துக் கிளிகள் வரிசையாக நடந்துபோயின. ஒன்பது கிளி வலப்பக்கம் பார்த்தன. பத்தாவது மட்டும் இடப்பக்கம் திரும்பி நின்றது.

"டிவி பார்த்துக்கிட்டே தச்சேன். திருப்பித் தச்சிட்டேன். பிரிக்கலாம்னா மக விடல" என்றார் கிருஷ்ணவேணி.

அவர் போனதும் அண்ணன் பாவாடையைத் தூக்கிப் பார்த்தார். "கரையைப் பிரிச்சு எடுத்துட்டு வேற பார்டர் வை. இந்தக் கிளி ஒண்ணு போதும், ஊருக்கே அடையாளம் சொல்லிரும்."

அக்கா பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கிளியின் வாலில் ஒரு நூலை நிமிண்டினார். பிறகு பிளேடைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னாச்சு?"

"கிளிப் பச்சை கேட்ட பிள்ளைக்குக் கிளியவே விரட்டிட்டுக் குடுக்கச் சொல்றீங்க?"

"உன் சட்டம் என்னாகுறது?"

"ஊரு மாறுதுல்ல. அது போதும்."

இடுப்பைப் பிடித்தார், பாவாடையோடு வந்த சட்டைக்குக் கொக்கியை எடுத்துவிட்டுப் பட்டன் வைத்தார், கழுத்தில் சரிகை ஓட்டினார். கிளிகள் பத்தும் அப்படியே இருந்தன. பொங்கலுக்கு முந்தின நாள் அதைக் கையில் வாங்கிய ரெங்கா, கிளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். "டெய்லர் அத்தை, நான் கலர்தான சொன்னேன். நீங்க கிளியே போட்டுட்டீங்க!" என்றாள். அக்கா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் பயணம் செய்தது அந்த ஒருமுறைதான்.

தப்பு எங்கே இருந்தது என்று இப்போது சொல்லிவிடலாம். பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று எல்லாவற்றையும் அக்கா கணக்கில் வைத்திருந்தார். அந்த நாட்களில் அவரவர் அவரவர் ஊரில் இருப்பார்கள். ஆடிப்பூரத்துக்கு யாரும் புதுத்துணி கேட்பதில்லை. அதனால் அது அவர் நோட்டிலேயே இல்லை. கொரோனாவால் ரெண்டு வருடம் ஆண்டாள் தேர் வீதிக்கு வராததால், எங்கள் வேலை தொடங்கிய பிறகு தேரோட்டம் என்ற ஒன்றை நாங்கள் பார்க்கவும் இல்லை. தேர் அன்று ராஜபாளையம் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் நிற்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

அந்த ஆடியில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆட்கள் ரத வீதியில் மோர்ப் பந்தல் போட்டோம். கை உதவிக்கு அக்காவையும் வரச் சொன்னேன். "தேரும் பார்த்த மாதிரி இருக்கும்" என்று காலையிலேயே வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மோர் ஊற்றினார். வருகிறவர்களிடமெல்லாம், "உப்பு பத்துதா?" என்று கேட்டார். பத்து மணி வரைக்கும் நன்றாகத்தான் போனது.

பிறகு என் முழங்கையைப் பிடித்தார்.

"அங்க பாரு. கோடு போட்ட சட்டை."

பார்த்தேன். ராஜபாளையத்தில் நாங்கள் கொடுத்த சட்டை, ராஜபாளையத்துப் பையன் மேல், ஸ்ரீவில்லிபுத்தூர் வீதியில்.

"அந்தா, நம்ம போலீஸ்காரன். அவனுக்குப் பின்னால அந்தச் சட்டையக் குடுத்த வீட்டுக்காரங்க வாராங்க." அக்காவின் குரல் மெலிந்தது. "ஏட்டி, ரெண்டு ஊரும் ஒண்ணாகிப் போச்சேட்டி!"

அவர் ஊற்றிய மோர் தம்ளரில் நிறைந்து, வழிந்து, வாங்க நின்ற பெரியவரின் செருப்பில் விழுந்தது. "எம்மா, காலுக்கு வேண்டாம்மா, வாய்க்குத்தான் கேட்டேன்" என்றார் அவர். போலீஸ்காரனையும் பின்னால் வந்தவர்களையும் கூட்டம் வேறு வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அக்கா மூச்சு விட்டார்.

அந்த மூச்சு முடிவதற்குள், "டெய்லர் அத்தை!" என்று ரெங்கா வந்துவிட்டாள். பச்சைப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். பின்னால் பாண்டிசெல்வி.

"தேருக்குத்தான் போடுவேன்னு மடிச்சு வச்சிருந்தா அக்கா. பொங்கலுக்கு ஒரு தடவை, இன்னைக்கு ஒரு தடவை" என்றாள் பாண்டிசெல்வி.

அக்காவின் கண் வேறு எங்கோ இருந்தது. நானும் பார்த்தேன். பத்தடி தூரத்தில் கிருஷ்ணவேணியும் தேஜாவும் எங்கள் பந்தலைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள்.

"வெயிலா இருக்கு தாயி, வா வா, உள்ள வா" என்று ரெங்காவை இழுத்து மேஜைக்குக் கீழே உட்கார வைத்தார் அக்கா. ஒரு தம்ளர் மோரைக் கொடுத்தார். அவள் குடித்ததும் இன்னொன்று கொடுத்தார்.

"போதும் அத்தை."

"குடி. உடம்புக்கு நல்லது."

"வயிறு முட்டுது அத்தை."

"இன்னும் ஒண்ணு."

"அக்கா, எதுக்கு அவளைக் கீழ உக்கார வச்சிருக்கீங்க?" என்றாள் பாண்டிசெல்வி.

கிருஷ்ணவேணி வந்து, "நீங்களும் இங்கதானா!" என்று அக்காவிடம் சிரித்தார். அக்கா மேஜை விரிப்பை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு, தேஜாவிடம் மோரை நீட்டினார். தேஜா வாங்கினாள். அவள் கை நழுவித் தம்ளர் கீழே உருண்டது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"அம்மா! மிட்டு! மிட்டு இங்க இருக்கு!"

மேஜைக்குக் கீழே இருந்து ரெங்காவின் குரல் வந்தது. "யாரு மிட்டு?"

"இந்தத் திரும்பி நிக்குற கிளி. இது என் பாவாடைக் கிளி. இதுக்குப் பேரு மிட்டு."

"இது என் பாவாடை. இதுக்குப் பேரு மிட்டு இல்ல. வாத்தியார்."

"வாத்தியாரா?"

"ஆமா. ஒம்பது கிளியும் வரிசையாப் போகுதுல்ல. இது மட்டும் திரும்பி நின்னு, எல்லாரும் ஒழுங்கா வாராங்களான்னு பாக்குது. அப்ப வாத்தியார்தான?"

தேஜா கிளியின் மேல் விரலை வைத்தாள். "ஆனா நான்தான் மொதல்ல பேர் வச்சேன். மிட்டுதான்."

"வாத்தியார்தான்."

"ஊருக்கோ தேஜா", சும்மா இரு என்று தெலுங்கில் அடக்கி, கிருஷ்ணவேணி மகளின் வாயைப் பொத்தினார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாண்டிசெல்வியின் முகம் பார்க்க முடியாதபடி இருந்தது.

ரெங்கா மேஜைக்குக் கீழே இருந்து வெளியே வந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை, எனக்கு அளவெடுத்து நீங்கதான தச்சீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிருஷ்ணவேணியும் ஒத்துக்கொண்டிருப்பார். அக்கா என்னைப் பார்த்தார், பாண்டிசெல்வியைப் பார்த்தார். நேராகக் கேட்கிற பிள்ளையிடம் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"அளவு உன்னது தாயி. இடுப்புப் பிடிச்சது நான். கிளி அவுக அம்மா தச்சது. மொதல்ல இந்த அக்கா போட்டுக்கிட்டிருந்தா."

பாண்டிசெல்வி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்துவிட்டாள். ரெங்கா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அந்த நேரம் தேர் வந்தது. வடம் பிடித்தவர்கள் சத்தம் போட்டார்கள். நாங்கள் யாரும் தேரைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா டேப்பை எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. "வாக்குக் குடுத்தேன்ல. எந்த முகத்த வச்சுக்கிட்டு இன்னொரு வீட்டு வாசல்ல போய் நிப்பேன்?" என்றார். பாண்டிசெல்வி ஊருக்குள் நாலு பேரிடம் சொல்லி எல்லா வீடும் கதவைச் சாத்திவிட்டது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். துணி கொடுக்கிறவர்கள் மட்டும் விடாமல் கொண்டுவந்து கொட்டினார்கள். "மிஷினுக்கு எடமில்ல, எனக்கும் எடமில்ல. நான் வெளிய உக்காந்து தைக்கேன், நீங்க எல்லாரும் உள்ள இருங்க" என்று அண்ணன் துணிப்பைகளிடம் பேசினார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கடையில் இருந்தேன். சந்து முனையில் பாண்டிசெல்வியும் ரெங்காவும் வருவதை அக்காதான் முதலில் பார்த்தார். பார்த்த மறுநிமிடம் அவரைக் காணோம்.

"பிரிஸ்கில்லா அக்கா இல்லையா?" என்று பாண்டிசெல்வி கேட்டாள்.

"அவ ஊருக்குப் போயிருக்காம்மா" என்றார் அண்ணன்.

"அந்தா, கால் தெரியுதே மாமா" என்றாள் ரெங்கா.

துணிப்பைகளுக்குப் பின்னாலிருந்து அக்கா எழுந்து வந்தார். தலையில் ஒரு சின்னக் கால்சட்டை தொங்கியது. ரெங்கா சிரித்தாள். பாண்டிசெல்வி சிரிக்கவில்லை. மஞ்சப்பையிலிருந்து பச்சைப் பாவாடையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். துவைத்து, தேய்த்து, மடித்திருந்தாள்.

"தாயி, நான் வேணும்னு பண்ணல. தேர் ஞாபகமே..." என்று தொடங்கினார் அக்கா.

"செத்த நேரம் நான் பேசிக்கிறேன் அக்கா." பாண்டிசெல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். "கோவம் இருந்துச்சு. ஒரு வாரம் நல்லாவே இருந்துச்சு. மில்லுல யாரு சிரிச்சாலும் என்னையப் பார்த்துத்தான் சிரிக்காங்கன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தா, இவ அழுவா, இனிமே இதத் தொட மாட்டான்னு பார்த்தேன். இவ என்ன கேக்கான்னு கேளுங்க."

"என்ன கேக்கா?"

"ரெண்டு பேரு பேர் வச்சா எந்தப் பேரும்மா செல்லும்னு கேக்கா. காலையில கேக்கா, சோறு போடும்போது கேக்கா. அவுக அப்பாவ எழுப்பிக் கேக்கா. எனக்கு ஊரு என்ன பேசுமோன்னு பயம். இவளுக்குக் கிளிக்கு என்ன பேருன்னு கவலை." இப்போது பாண்டிசெல்வியின் வாய் ஓரம் கொஞ்சம் இளகியது. "மறைக்கச் சொன்னது நான்தான் அக்கா. பொறவு யோசிச்சுப் பார்த்தா, அந்தம்மா ஒண்ணும் சொல்லல, அந்தப் பிள்ளையும் ஒண்ணும் சொல்லல. மேஜைக்குக் கீழ ஒளிச்சு வச்சீங்கள்ல, அதுதான் கூசிப் போச்சு."

அக்கா கைக்குப் பழக்கமான வேலையைச் செய்தார். பாவாடையை எடுத்து இடுப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"இவளுக்குப் பத்தல. பொங்கலுக்கு இருந்த இடுப்பு இல்ல" என்றாள் பாண்டிசெல்வி.

"பிரிச்சு விடுதேன்." தையலைத் தடவினார். "மடிப்பு தீந்துபோச்சே தாயி."

"பிரிக்க வேண்டாம். அதுக்குத்தான் கொண்டுவந்தேன். அடுத்த பிள்ளைக்கு அளவெடுத்துக் குடுங்க. ஆனா இதோட இதையும் சேர்த்துக் குடுக்கணுமாம், இவ உத்தரவு."

ரெங்கா தன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த கோடு போட்ட தாள். அதில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: 'இந்தக் கிளி பெயர் மிட்டு. வாத்தியார் என்றும் கூப்பிடலாம்.'

அக்கா அதைப் படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார். ஊசியைப் பல்லிடுக்கிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு சந்து முனைவரை கேட்டிருக்கும். தாளை ஒரு துணித்துண்டில் வைத்துப் பாவாடையின் உள்பக்கம் குண்டூசியால் குத்தினார்.

"அந்தப் பிள்ளைக்கும் இதச் சொல்லிருங்க. மிட்டுன்னு மொதல்ல எழுதியிருக்கேன்னு" என்றாள் ரெங்கா.

அதன் பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். ஊர் மாற்றுகிற சட்டம் அப்படியே இருந்தது. பட்டன்களும் பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆடிப்பூரத்தைச் சிவப்பு மையால் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். ஒன்றே ஒன்று கூடியது. அளவெடுத்து முடித்ததும் வீட்டாரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பார். "சொல்லிக் குடுக்கவா, சொல்லாமக் குடுக்கவா?" பெரும்பாலோர் சொல்லாமல் கொடுங்கள் என்றுதான் சொன்னார்கள். அதற்கு அக்கா தலையாட்டிவிட்டு, கரையைப் பிரித்து, காலரைத் திருப்பி, பழைய மாதிரியே செய்து கொடுத்தார். ஆனால் இனி வாக்குக் கொடுப்பதில்லை. "பார்ப்போம்" என்பார்.

சொல்லிக் கொடுங்கள் என்றவர்களுக்குத் துணியோடு ஒரு தாளும் போனது. 'இந்தச் சட்டையில் நான் நீச்சல் கற்றேன்.' 'இடது பையில் ஓட்டை, காசு போடாதே.' 'இதைப் போட்டால் மாமா மிட்டாய் தருவார், உனக்கு எப்படி என்று தெரியாது.' வத்திராயிருப்புக்குப் போன ஒரு சட்டை, மூன்று பிள்ளைகளைத் தாண்டி, தாள் தாளாகக் குத்தப்பட்டு, சட்டையைவிடத் தாள் கனமாகத் திரும்பி வந்தது.

பச்சைப் பாவாடை இதுவரை ஐந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டது. ஐந்து பேரும் வைத்த பெயர்கள் அந்தத் தாளில் இருக்கின்றன. மிட்டு, வாத்தியார் என்று தொடங்கி, கண்டக்டர், கோவக்காரன் என்று போய், கடைசிப் பிள்ளை 'சிசிடிவி கேமரா' என்று வைத்திருக்கிறாள். ரெங்கா இப்போது ஏழாம் வகுப்பு. மாரிசெல்வம் எழுந்து நடமாடி, ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகிறார். அக்காவின் அடக்கத்துக்கு மூன்று பேரும் வந்திருந்தார்கள். கிருஷ்ணவேணியும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் பாண்டிசெல்வியும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

போன வாரம் சாம்சன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு டேப்பைக் கொடுத்தார். முதல் ஆறு அங்குலத்தில் எண்களே இல்லை. அக்காவின் கட்டைவிரல் அழித்தது. "அந்த அளவுல பிள்ளை கெடையாது, பயப்படாத" என்றார். பட்டன் கட்டுவதை அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். முப்பது வருடம் மிஷினில் உட்கார்ந்தவர், ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசப் பார்க்கிறார். ஒரு வார்த்தையும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுந்தரபாண்டியத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஆறு வயதுப் பிள்ளை. பச்சை வேண்டும் என்று கேட்டிருந்தாள். அளவெடுக்காமலே துணியைப் பையில் கொண்டுவந்துவிட்டேன், அக்கா ஒருநாளும் இப்படிச் செய்ததில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. நானே குனிந்து அளவெடுத்தேன். பிறகு அவளுடைய அம்மாவைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"சொல்லிக் குடுக்கவா, சொல்லாமக் குடுக்கவா?"

அந்த அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள், பையின் வாயில் தெரிந்த பச்சைத் துணியைப் பிள்ளை வெளியே இழுத்துவிட்டது. கரையை விரித்துத் தரையில் பரப்பி, ஒன்று, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே போய், பத்தாவதில் விரலை வைத்து நிறுத்தியது.

"ஏம்மா, இது மட்டும் ஏன் திரும்பி நிக்குது?"

அம்மா குனிந்து பார்த்தார். உள்பக்கம் குத்தியிருந்த தாளைத் திருப்பி வாசித்தார். கடைசிப் பெயருக்கு வந்ததும் சிரித்துவிட்டார்.

"பேனா இருந்தாக் குடுங்க" என்றார் என்னிடம்.